உள்ளுக்கோ வெளியிலோ

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைச் சுற்றி விமானச் சத்தத்தை அளக்கவேண்டும் என்று சொன்னால் இரண்டு விதமான ஆட்கள் சிரிக்கிறார்கள். ஒரு பகுதியினர் வெளிநாட்டில் இருப்பவர்கள். "வாறதே ஒண்டு ரெண்டு சின்னப் பிளேன், அதுக்குள்ள உனக்குச் சத்தமோ?" என்று கேட்பார்கள். மற்றப் பகுதியினர் இங்கேயே இருந்து எல்லாச் சத்தத்தையும் கேட்டு முடித்தவர்கள். அவர்கள் கேள்வியே கேட்பதில்லை. ஒரு சிரிப்போடு வெற்றிலைத் தட்டத்தைக் கிட்ட இழுத்துக்கொள்வார்கள். இரண்டு சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த எண்ணம் என்னை விட்டுப் போவதாக இல்லை. வீட்டிலும் ரியூசன் கொட்டிலிலும் இதையே கதைத்து எல்லாருக்கும் அலுத்துவிட்டது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் உள்ள நிலைமையைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் ஊதிப் பெருப்பிக்கிறேன் என்று நினைப்பீர்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள், அடுத்த வருடமே கொரோனாவில் மூடினார்கள். 2022 டிசெம்பரில் அலையன்ஸ் எயார் திரும்பி வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது, அப்புறம் திருச்சியும் சேர்ந்தது. வருவது ஏரிஆர் 72 வகை. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி வைத்த, எழுபது பேரளவில் கொள்ளும் விமானம். கட்டுவன் சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டு நிற்பவர் கிளாசை வாயிலிருந்து எடுக்காமலே மேலே பார்ப்பார், அவ்வளவு சத்தம்தான். விமானப்படையின் பறப்புகள் வேறு கணக்கு, அதற்கு எங்களிடம் நேர அட்டவணை கிடையாது. ஆக, இன்றைக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. இன்றைக்குப் பெரிய பிரச்சினை இல்லாதபடியால்தான் இன்றைக்கு அளக்கவேண்டும் என்கிறேன். சிரிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

சிரிப்பவர்களில் முதலாமவன் என் மச்சான். லண்டனில் ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் அவன் வீட்டு முகட்டை உரசிக்கொண்டு போவது போலத்தான் போகும். அவனோடு வீடியோவில் கதைக்கும்போது அவன் ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பான், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவான். தான் நிறுத்துகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. அவனுடைய பிள்ளைகளும் அப்படித்தான். ஆனால் அங்கே சத்தத்துக்கு ஒரு நிர்வாகம் இருக்கிறது. மேற்கு நோக்கிப் பறக்கும் நாட்களில் பின்னேரம் மூன்று மணிக்கு ஓடுபாதையை மாற்றுவார்கள். காலையில் ஒரு பக்கத்துச் சனத்துக்கு ஓய்வு, பின்னேரம் மற்றப் பக்கத்துக்கு. இரவு பதினொன்றரையிலிருந்து காலை ஆறு வரைக்கும் வருடத்துக்கு 5,800 பறப்புகளுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. வெப்ட்ராக் என்ற இணையப் பக்கத்தைத் திறந்தால் தலைக்கு மேலே இப்போது போனது எந்த விமானம், எவ்வளவு உயரத்தில் போனது, பக்கத்து மைக்கில் எத்தனை டெசிபல் விழுந்தது என்று பார்க்கலாம். இவ்வளவையும் எனக்கு விளக்கிச் சொன்னதே இவன்தான். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், "எப்ப மச்சான் பலாலிக்கு எயார்பஸ் வரும்? கொழும்பில இறங்கி அந்த பஸ்ஸில இனி ஏலாது" என்கிறான். அவன் ஆசை பிழையில்லை. நானும் அந்த பஸ்ஸில் இருந்து முதுகு நொந்தவன்தான். ஆனால் எயார்பஸ்ஸை மட்டும் இங்கே அனுப்பிவிட்டு, மூன்று மணி ஓய்வையும் இரவு உச்சவரம்பையும் ஹவுன்ஸ்லோவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவன் நினைப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

இரண்டாவது சிரிப்பு இதைவிடக் கனமானது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வளர்ந்தவர்களுக்கு விமானச் சத்தம் என்றால் வேறு அர்த்தம். ஹெலி எது, பொம்மர் எது, சகடை எது, கிபிர் எது என்று கண்ணால் பார்க்காமலே சொல்லுவோம். வருகிறதா போகிறதா, சுற்றுகிறதா பதிகிறதா, பங்கருக்குள் ஓட நேரமிருக்கிறதா என்பதெல்லாம் காது எடுக்கும் முடிவு. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் வந்து சாப்பாட்டுப் பொதி போட்டபோதுகூடச் சனம் முதலில் ஓடித்தான் இருக்கும். 1995 ஜூலையில் நவாலித் தேவாலயத்தில் தங்கியிருந்த சனத்தின்மேல் விமானக் குண்டு விழுந்தபோது என்ன நடந்தது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. இன்றைக்கு விமானச் சத்தக் கண்காணிப்புக்கு ஐ.எஸ்.ஓ. 20906 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. மைக்கில் பதிவான சத்தத்தில் எது விமானம், எது வேறு என்று பிரித்தெடுப்பதற்கு அதில் பக்கம் பக்கமாக விதிகள். அதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது, இந்த வேலையை ஒரு தலைமுறையே சம்பளமில்லாமல் செய்து வைத்திருக்கிறது என்று. அப்படிப்பட்டவர்களிடம் போய் ஏரிஆர் 72இன் டெசிபல் என்று தொடங்கினால் வேறென்ன செய்வார்கள், வெற்றிலைத் தட்டத்தைத்தான் இழுப்பார்கள்.

முற்றத்தில் ஒரு போன்

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன். மடக்கை அளவிடை படிப்பிக்கும்போது டெசிபலைத் தொடாமல் போக முடியாது. பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு, ஆனால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் கேட்கும். இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள், நம்பமாட்டார்கள். அதனால் போனில் ஒரு ஒலிமானிச் செயலியைப் போட்டு, பழைய பிளாஸ்டிக் கதிரை ஒன்றை முற்றத்தின் நடுவில் வைத்து, அதன் மேல் போனை வைத்து, காற்றுக்குப் பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டை வெட்டி மைக்கில் ஒட்டி, விமானம் வரும் நேரம் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கினேன். சரியான ஒலிமானி என்றால் அது முதலாம் வகுப்புக் கருவி, விலையைக் கேட்டாலே காது அடைக்கும். போனை நம்பி வழக்குப் போட முடியாது, ஆனால் ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிட்டதில் முதலில் தோற்றது என் வாதம்தான். பக்கத்துப் பிள்ளையார் கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் ஏரிஆர் வந்ததே பதிவில் தெரியவில்லை. ஒலிபெருக்கி அதை அப்படியே விழுங்கிவிட்டது. லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று ஒழுங்கையால் போனால் கிட்டத்தட்ட விமானத்தின் அளவு வரும். பாண் விற்கும் ஓட்டோ பாட்டோடு வந்து வாசலில் நின்றால் அதைவிடக் கூட. ஒருநாள் விமானம் சரியாகத் தலைக்கு மேலே வரும்போது அம்மா கிணற்றடியில் மோட்டரைப் போட்டுவிட்டார். "நீ காத்துக்கொண்டு இருக்கிறது எனக்கென்ன தெரியும், தண்ணி முடிஞ்சுது" என்றார். ஊர்ச் சத்தத்துக்கு நடுவில் விமானத்தைப் பிரித்தெடுப்பது ஏன் கடினம் என்று அந்தத் தரத்தில் எழுதியிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. மைக் மட்டும் போதாது. விமானங்கள் தாம் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் தாமே வானொலி அலையில் அறிவித்துக்கொண்டு போகின்றன. அந்த அறிவிப்பைப் பிடிக்க மலிவான ஒரு வாங்கியும் சின்னக் கணினியும் போதும். சத்தப் பதிவையும் அந்தப் பதிவையும் நேரத்தால் பொருத்தினால்தான் இது விமானம், அது லான்ட்மாஸ்டர் என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் எல்லா இராணுவ விமானமும் அப்படித் தன்னை அறிவித்துக்கொண்டு போகாது. அதற்குப் பழையபடி காதுதான்.

அளக்க அளக்க எனக்குக் கோபம் வந்தது விமானத்தில் அல்ல, சராசரியில். எங்கள் நாட்டில் 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கு நூறு மீட்டருக்குள் என்றால் இன்னும் இறுக்கம். நல்ல விதிதான். ஆனால் இது ஒரு நேரத்துக்கு எடுத்த சராசரி, அதுவும் சத்தம் எழும்பும் காணியின் எல்லையில் வைத்து அளப்பது. அரிசி ஆலைக்கு அது பொருந்தும். ஆயிரம் அடி உயரத்தில் போகிறதற்குக் காணி ஏது, எல்லை ஏது? சராசரியின் கூத்து அதைவிடப் பெரிது. பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகவே கொடுத்தேன். ஒரு விமானம் 20 விநாடிக்கு 80 டெசிபலில் போகிறது. அந்தச் சக்தியைப் பகல் 16 மணித்தியாலத்துக்கும் பரப்பினால் சராசரி எவ்வளவு? விடை ஏறத்தாழ 45. வகுப்பில் கதைப்பதை நிறுத்தவைக்கிற ஒரு சத்தம், தாளில் நூலக வாசிகசாலையின் சத்தமாகிவிடுகிறது. பத்து விமானம் போனால்தான் 55ஐத் தொடும். சராசரி எடுத்தாலும், இரவில் சத்தம் கூட உறுத்தும் என்று ஐரோப்பாவில் மாலைப் பறப்புக்கு ஐந்தும் இரவுப் பறப்புக்குப் பத்தும் டெசிபல் தண்டமாகக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கென்று வெளியிட்ட வழிகாட்டியில் விமானச் சத்தம் அந்தத் தண்டம் சேர்த்த கணக்கில் 45க்குக் கீழேயும், இரவுச் சராசரி 40க்குக் கீழேயும் இருக்கவேண்டும் என்கிறது. எங்கள் 55 எங்கே, அது எங்கே.

கோடு

இந்தக் கணக்குகள் கையில் வந்ததும் நான் ஒரு வரைபடம் போட்டேன். நாளொன்றுக்கு இருபது ஜெட் விமானம், அதில் சில இரவில் என்று வைத்துக்கொண்டால் ஓடுபாதையைச் சுற்றி எந்த இடத்தில் எத்தனை டெசிபல் விழும் என்று கையால் போட்ட மதிப்பீடு. உலகத்தில் பெரிய விமான நிலையங்கள் பலவற்றுக்கு இப்படியொன்று இருக்கிறது. ஓடுபாதையின் இரண்டு முனையிலும் இழுத்து நீட்டிய, ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள். அமெரிக்காவில் 65 டெசிபல் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தம் புகாத ஜன்னல் போடக் காசு கிடைக்கலாம், சில இடங்களில் வீட்டையே வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் படத்தில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். பெரிய தாளில் அச்செடுத்து வசாவிளானில் இருக்கும் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்து ஒழுங்கைகள் அவருக்குத்தான் தெரியும், ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்கலாம் என்று.

பெரியப்பா விறாந்தை வாங்கில் தாளை விரித்து, பறக்காமல் இருக்க ஒரு மூலையில் பாக்குவெட்டியையும் மற்ற மூலையில் செம்பையும் வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வீதியைப் பிடித்தார். சந்தி, மத்திய கல்லூரி, கோயில், அப்புறம் தன் வளவு. எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டு வந்த விரல் ஒரு சிவப்புக் கோட்டில் நின்றது.

"இதென்ன கோடு, மோனை?"

"65 டெசிபல் கோடு பெரியப்பா. பெரிய பிளேன் வந்தால் இதுக்கு உள்ளுக்குச் சத்தம் கூட."

"நாங்கள் உள்ளுக்கோ வெளியிலோ?"

"உள்ளுக்கு."

அவர் பாக்குவெட்டியை எடுத்தார், செம்பை எடுத்தார். தாளை நாலாக மடித்து என் கையில் தந்தார். "உதை ஒருத்தருக்கும் காட்டாத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு வைத்தியர் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். "அவன் போட்ட வேலியைத் தள்ளித் தள்ளித்தான் நாங்கள் இஞ்ச வந்து இருக்கிறம். நீ பேப்பரில இன்னொண்டைப் போட்டுக் குடுக்கிறாய்."

நான் விளக்கிப் பார்த்தேன். இது பாதுகாப்பு வலயம் இல்லை, யாரையும் எழுப்புவதற்கில்லை, சத்தத்திலிருந்து சனத்தைக் காப்பாற்றத்தான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முந்தியும் எங்களைக் காப்பாத்தத்தான் எழும்பச் சொன்னவங்கள்" என்றார். அதற்குமேல் என்னத்தைச் சொல்ல.

1990இல் போரில் ஊரைவிட்டு எழும்பின சனம் அவர்கள். பிறகு அந்த நிலம் இராணுவத்தின் பாதுகாப்பு வலயமாக வேலிக்குள் போனது. நாலு நாளில் திரும்பலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள். சொந்தக்காரர் வீடு, மல்லாகம், கோணப்புலம் முகாம்கள் என்று ஒரு வாழ்க்கையே போனது. 2013இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டியபோது முகாமிலிருந்து வழக்குப் போடப் போனவர்கள். பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். பெரியப்பாவின் வளவு ஒரு துண்டில் வந்தது, தோட்டக்காணி இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில்தான் திறந்தது, அதுவும் நேரக் கட்டுப்பாடுகளோடு. ஓடுபாதையை நீட்டுவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எந்தப் பக்கம் நீட்டுவார்கள், யாருடைய காணி என்றுதான் இங்கே முதல் கேள்வி வரும். இந்த நிலத்தில் ஓடுபாதையைச் சுற்றி யார் ஒரு கோடு போட்டாலும், அது எந்த நிறத்தில் எந்த அலகில் இருந்தாலும், சனம் கேட்கப்போவது அந்த ஒரு கேள்விதான். அது விளங்காமையால் வருகிற கேள்வி இல்லை. நன்றாக விளங்கினபடியால் வருகிற கேள்வி.

வீட்டுக்கு வந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். சத்தத்தைக் குறைக்க நாலு வழி என்று 2001இல் அவர்கள் வகுத்திருக்கிறார்கள். விமானத்தையே சத்தம் குறைந்ததாகச் செய்வது, சுற்றியுள்ள நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவது, பறக்கும் முறையை மாற்றுவது, கடைசியாகப் பறப்புகளைக் கட்டுப்படுத்துவது. கடைசி வழியை முதலில் கையில் எடுக்கக்கூடாது என்றும் சொல்கிறார்கள். முதல் வாசிப்பில் இது நியாயமான சமநிலையாகத் தெரிந்தது. பெரியப்பா தாளை மடித்த பிறகு வாசித்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. இந்த நாலில் விமான நிலையத்துக்கு மிக மலிவானது நிலப் பயன்பாடு. புது விமானம் வாங்க விமான நிறுவனம் சம்மதிக்கவேண்டும், பறப்பைக் குறைத்தால் வருமானம் போகும், ஆனால் இந்தக் கோட்டுக்குள் வீடு கட்ட அனுமதியில்லை என்று சொல்ல ஒரு ரப்பர் முத்திரை போதும். இன்னும் சொல்லப்போனால் மற்ற நாட்டில் அந்த முத்திரை விழுவது வெறும் நிலத்தில். இங்கே விழப்போவது முப்பது வருடம் காத்திருந்து இப்போதுதான் அத்திவாரம் வெட்டுகிறவர்களின் தலையில்.

சத்தம் புகாத ஜன்னல் கதையும் இங்கே சரிவராது. எங்கள் வீடு காற்று வந்து போவதற்குக் கட்டிய வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலே இடைவெளி, ஜன்னலுக்கு மேலே காற்றுக் கண். ஜன்னலைத் திறந்து வைத்தால் பத்துப் பதினைந்து டெசிபல்தான் குறையும். இரட்டைக் கண்ணாடி போட்டு மூடினால் பங்குனி வெயிலுக்கு ஏசி போடவேண்டும், அந்த மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது?

வாடையும் சோழகமும்

ஆகவே அளப்பதை விட்டுவிடுவதா? அதுவும் எனக்குச் சமாதானமாக இல்லை. அளக்காமல் விட்டால் அளக்கிற வேலையைப் பின்னால் வேறு யாரோ, வேறு தேவைக்குச் செய்வார்கள். கோட்டை நிலத்தில் போடாமல் விமானத்தின் மேல் போட முடியாதா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பலாலி ஓடுபாதையின் இலக்கம் 05/23. வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது, வடகிழக்கிலிருந்து வீசும் எங்கள் வாடைக்கும் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகத்துக்கும் ஏறத்தாழ நேராகவே இருக்கிறது. வடகிழக்கு முனைக்கு அப்பால் போனால் கடல். தென்மேற்கு முனைக்கு அப்பால் ஊர்: கட்டுவன், தெல்லிப்பழை, ஆதார வைத்தியசாலை, பள்ளிக்கூடங்கள். விமானம் எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். சோழகத்தில் கடலால் வந்து இறங்கி ஊருக்கு மேலால் ஏறும். வாடையில் ஊருக்கு மேலால் வந்து இறங்கிக் கடல் பக்கம் ஏறும். ஆனால் காற்று அடங்கிக் கிடக்கும் நேரங்களில், அதிகாலையில், இரவில், கடலால் வந்து இறங்கி, திரும்பிக் கடல் பக்கமே ஏறலாம். பின்காற்றின் வேகம் ஐந்து நொட்டுக்கு (கடல் மைல் கணக்கில்) மேற்படாவிட்டால் சத்தத்துக்காக ஓடுபாதைத் திசையைத் தெரிவு செய்யச் சர்வதேச விதியிலேயே இடமிருக்கிறது. நிமிடத்துக்கொரு விமானம் வரும் ஹீத்ரோவில் வருவதும் போவதும் எதிரெதிராக ஒரே பக்கத்தால் நடக்க வழியில்லை. இங்கே ஒன்று வந்து, சனத்தை இறக்கி ஏற்றி, அதே விமானம் திரும்பிப் போகிறது. கொஞ்சப் பறப்பு இருக்கும்போது எழுதி வைக்கக்கூடிய வழக்கம் இது. இருபது ஜெட் வந்தபிறகு கேட்டால் அட்டவணை நெருக்கடி என்பார்கள்.

இரவுக்கும் அப்படித்தான். இரவுப் பறப்பு ஒன்றுமே பழக்கத்துக்கு வராத இடத்தில் "இரவு பத்துக்குப் பிறகு நோயாளியை ஏற்றும் விமானம் தவிர வேறு வேண்டாம்" என்று எழுதுவதால் யாருக்கும் நட்டமில்லை. ஜெட் வரட்டும். வரும் ஜெட், 2017 முடிவிலிருந்து புதுப் பெரிய விமான வகைகளுக்கு அதே சர்வதேச அமைப்பு தன் விதிநூலின் பதினாலாம் அத்தியாயத்தில் விதித்திருக்கும் சத்த அளவுக்குள் இருக்கட்டும், அதற்கு வெளியே இருந்தால் இறங்கு கட்டணம் கூடக் கட்டட்டும். சத்தத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்குவது ஹீத்ரோவிலேயே நடப்பதுதான்.

நிலத்தில் ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்றால் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் புது ஓடுபாதை ஒன்றை 2003இல் திறந்த பிறகு, விமானம் தரையில் ஓடி எழும்பும்போது வரும் அடித்தொண்டைச் சத்தம் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள வீடுகளை உலுக்கியது. தட்டையான நிலம், தடுக்க ஒன்றுமில்லை. பிறகு ஒன்றைக் கவனித்தார்கள். அறுவடை முடிந்து வயலை உழுதுபோட்ட காலத்தில் அந்தச் சத்தம் குறைகிறது. உழவுசாலும் வரம்பும் சத்தத்தைச் சிதற அடிக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 150 நேர் வரம்புகளை, ஒன்றுக்கொன்று 11 மீட்டர் அளவு இடைவெளி விட்டு, அந்தத் தாழ்ந்த சத்தத்தின் அலைநீளத்துக்குப் பொருந்தும்படி வெட்டினார்கள். 2013இல் அது ஒரு பூங்காவாகவே திறக்கப்பட்டது. விமானம் மேலே எழும்பிவிட்டால் இதனால் பயனில்லை, தரைச் சத்தத்துக்கு மட்டும்தான். ஆனாலும் வேலிக்கு உள்ளே பற்றையாகக் கிடக்கும் எங்கள் செம்மண்ணில் பாத்தி கட்டத் தெரிந்த சனத்தை விட்டு வரம்பு போடுவது, சத்தத்தைக் குறைக்கும் ஒரு வழி என்று சொல்லக்கூடிய நிலைமை எனக்கு இனிப்பாக இருக்கிறது. தோட்டம் செய்ய விடுங்கள், சத்தம் குறையும் என்று ஒரு விண்ணப்பம் எழுதலாம்.

சரி, அளவுக்கு வருவோம். ஏன் இப்போதே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மியூனிக் கதை. 1992 மேயில் மியூனிக்கின் பழைய விமான நிலையத்தை மூடி, வேறிடத்தில் புதிதைத் திறந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் மாற்றத்துக்கு முன்னமே இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சோதித்து வைத்திருந்தார்கள், பின்னாலும் சோதித்தார்கள். பழைய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் சத்தம் நின்றபிறகு முன்னேறின. புது இடத்துப் பிள்ளைகளுடையது சத்தம் தொடங்கியபிறகு பின்வாங்கியது. 2005இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹீத்ரோ, ஸ்கிபோல், மட்ரிட் விமான நிலையங்களுக்கு அருகிலிருக்கும் 89 பள்ளிக்கூடங்களில் 2,800க்கு மேற்பட்ட ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்ததிலும், விமானச் சத்தம் கூடக் கூட வாசிப்பு விளக்கம் குறைவதே தெரிந்தது. மியூனிக்கில் ஒருவரும் மறுத்துப் பேச முடியாமல் போனதற்குக் காரணம், "முந்தி எப்படி இருந்தது" என்பதற்கு அவர்களிடம் தாள் இருந்தது. எங்களிடம் இல்லை. நாளைக்கு ஜெட் வந்து, தெல்லிப்பழையில் ஒரு ஆசிரியர் வகுப்பைப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது என்று முறையிட்டால், "இங்கே முன்பும் இப்படித்தான், கோயில் ஒலிபெருக்கி இதைவிடக் கூட" என்று ஒரு அதிகாரி சொல்லுவார். நானே முற்றத்தில் இருந்து பதிந்த தரவு அவருக்குச் சாட்சியாகப் போகும்.

இதையெல்லாம் போட்டுப் புது அச்சு ஒன்று எடுத்தேன். கோடு இல்லை. ஊர்ப் பெயர்களும், மைக் வைக்கக்கூடிய இடங்களுக்குப் புள்ளிகளும் மட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் "இங்கே ஒரு விமானம் இத்தனை டெசிபலுக்கு மேல் போகக்கூடாது" என்று எழுத இடம் விட்டிருக்கிறேன், சராசரி அல்ல, ஒவ்வொரு பறப்புக்கும். மீறினால் பதில் சொல்லவேண்டியது விமானம். வளவுக்காரன் அல்ல. இதைக் கோடாகச் சுழித்து இணைக்க ஒருவர் நினைத்தால் இணைக்கலாம்தான். அந்தப் பயம் எனக்கு முழுதாகத் தீரவில்லை. ஆனால் தரவு சனத்தின் கையில் இருந்து எழும்பினால், அதை வைத்து யார் என்ன கோடு போடுகிறார் என்று பிடிக்கவாவது முடியும்.

பெரியப்பா இந்த முறையும் செம்பையும் பாக்குவெட்டியையும் வைத்து விரித்துப் பார்த்தார். கோடு இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். தன் வளவில் இருந்த புள்ளியில் விரலை வைத்து, "இதில என்ன வரும்?" என்றார். ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு கம்பம், அதன் நுனியில் மைக் என்றேன்.

"கரண்டு காசு ஆர் கட்டுறது?"

"சின்ன சோலர் தகடு போதும் பெரியப்பா."

"கம்பத்துக்குக் கீழ என்னவும் நடலாமோ?"

வாழை மட்டும் வேண்டாம், சோழகத்துக்கு இலை அடித்துக்கொண்டு நிற்கும், அது மைக்கில் விழும் என்றேன். மரவள்ளி என்றால் பரவாயில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கிணற்றடிப் பக்கம் என்றால் மோட்டர்ச் சத்தமும் விழுமே, கிழக்கு வேலியோரம் வை என்றார்.